தானாக நடந்து போய் ஏறினாள்

என் அண்ணி யூலாலி செலெஸ்தேன் பொய்க்காரி என்று லண்டன் நீதிபதி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். வாய்ப்பேச்சாக இல்லை. அச்சடித்து, பத்திக்குப் பத்தி எண் போட்டு, முத்திரை குத்தி. எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆனாலும் அவள் பெயர் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவேன். அதற்கு மூன்று வரி கீழே ஜெர்மேன் என்று என் பெயர் இருக்கிறது. அவள் பொய்க்காரி என்பதற்கு அந்த மனுஷன் பிடித்துக்கொண்ட சாட்சி நான்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அவளைப் பிடிக்காது. என் அண்ணன் காஸ்தோன் அவளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்தே பிடிக்காது. போர்ட் லூயிஸ் துறைமுக நகரத்தில், கஸ்ஸி என்கிற குடிசைப் பகுதியில், நடுவில் ஒரே ஒரு தகரத் தடுப்பை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம். அவள் மீன் வறுத்தால் எனக்கு இருமல் வரும். நான் துணி காயப்போட்டால் அவளுக்குத் தலைவலி வரும். குழாயடியில் எங்கள் சண்டையைப் பார்ப்பதற்கென்றே சிலர் காலிக் குடத்தோடு வருவார்கள்.

அதற்கு முன்னால் நாங்கள் இருந்த தியேகோ கார்சியா தீவில் அவள் குடும்பத்துக்கு ஐந்து தலைமுறை. எனக்கும் அப்படித்தான். அங்கே தேங்காய்க் கொட்டகையில் பெண்களுக்கு ஆளுக்கு ஆயிரத்து இருநூறு காய் ஒரு நாள் வேலை. உடைத்துப் பருப்பைத் தனியே எடுத்துப் போட வேண்டும். நாங்கள் முதுகு ஒடியக் குனிந்து கிடப்போம். அவள் மதியத்துக்கு முன்னாலேயே முடித்து, கையைக் கழுவி, எங்கள் வரிசைக்கு எதிரே வந்து நிற்பாள். "என்னடி, இன்னும் மிச்சமா? தேங்காய்க்குத் தாலாட்டுப் பாடிட்டிருக்கீங்களா?" என்பாள். ஒரு காயைத் தொட்டு உதவுவாளா? மாட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள்.

ஆனால் பாட்டில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அதையும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை அரிசியும் மாவும் அளந்து வாங்கிக்கொண்டு வந்து, கள்ளுப் பானையைத் திறந்து, ரவான் மேளத்தின் தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றினால் முதலில் எழுந்து நிற்பது அவள்தான். எங்கள் ஊரில் ஒரு பழக்கம். பாடுகிறவள் யாருடைய துக்கத்தைப் பாடினாலும் 'அவள்' என்று பாடமாட்டாள், 'நான்' என்றுதான் பாடுவாள். "என் புருஷன் போயிட்டானே" என்று பாடுகிறவளின் புருஷன் அங்கேயே கள் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். புருஷனைப் பறிகொடுத்தவள் பக்கத்தில் கை தட்டிக்கொண்டிருப்பாள். உன் புருஷன் எங்கே செத்தான் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் கேட்டவன்தான் பைத்தியம்.

காஸ்தோன் மீன் பிடிக்கப் போய்த் திரும்பாமல் போனபோது முதலில் பாடியது நான். அவன் என் அண்ணன், ஆனாலும் "என் புருஷன்" என்றுதான் பாடினேன். யூலாலி கை தட்டினாள். அன்றைக்கு மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். ரெமிக்கு ஏழு வயது, மிமோஸுக்கு நாலு. 1968-ல் ரெமி விஷ முள் உள்ள கல்மீனை மிதித்துவிட்டான். கால் வீங்கி, கறுத்து, சீழ் வைத்தது. மருந்துக் கொட்டகையில் இருந்த நர்ஸ் கையை விரித்துவிட்டாள். போர்ட் லூயிஸுக்குக் கொண்டுபோனால்தான் கால் மிஞ்சும் என்றாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வரும் கப்பல் அந்த வாரம் வந்து நின்றது. ஊரில் இப்படிப் போய் வருவது வழக்கம்தான். பிரசவத்துக்குப் போவார்கள், பல் பிடுங்கப் போவார்கள், அடுத்த கப்பலில் திரும்பி வருவார்கள்.

மிமோஸையும் தூக்கிக்கொண்டு போவதாகத்தான் யூலாலி மூட்டை கட்டினாள். நான்தான் தடுத்தேன்.

"இவளை எதுக்கு அண்ணி இழுத்துட்டுப் போறீங்க? கப்பல்ல வாந்தி எடுத்தே செத்துடுவா. அவனைத் தூக்குவீங்களா, இவளைப் பிடிப்பீங்களா? விட்டுட்டுப் போங்க. மூணு மாசந்தானே!"

"உன்னை நம்பியா?"

"என்னை நம்பாம வேற யாரை நம்பப் போறீங்க?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூட்டையைப் பிரித்து, மிமோஸின் இரண்டு கவுன்களை எடுத்து என் கையில் கொடுத்தாள். ரெமியை இடுப்பில் வைத்துக்கொண்டு தானாகவே நடந்து போய் ஏறினாள். மிமோஸ் வாயில் தேங்காய் வைத்து மென்றுகொண்டு கை ஆட்டினாள்.

மூன்று மாதம் கழித்து ரெமியின் கால் ஆறியது. நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. யூலாலி மூட்டையோடு துறைமுகத்துக்குப் போய், கையிலிருந்த திரும்பும் சீட்டை நீட்டினாள். கவுண்டரில் இருந்தவன் சீட்டைப் பார்க்கவே இல்லை.

"உன் தீவை வித்தாச்சும்மா. இனிமே அங்க ஆளுங்களை ஏத்தறதில்ல."

"வித்தாச்சா? யாரு யாருக்கு வித்தா? என் பொண்ணு அங்க இருக்கா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அடுத்த ஆளு வாங்க."

வெள்ளைக்காரன் எங்கள் தீவுகளைத் தனியாக வெட்டி எடுத்து, ராணுவத் தளம் கட்ட அமெரிக்காக்காரனுக்கு விட்டிருந்தான். எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களை ஊர்க்காரர்கள் என்றே கணக்கில் வைக்கவில்லை. காய் உடைக்க ஒப்பந்தத்தில் வந்த கூலிகள், ஒப்பந்தம் முடிந்தது, போகலாம் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். ஐந்து தலைமுறை ஒப்பந்தமாம்! எங்கள் கல்லறைகளும் ஒப்பந்தத்தில் வந்து படுத்தவைதான் போலிருக்கிறது.

ஒவ்வொரு கப்பலுக்கும் யூலாலி போய் நின்றாள். மூன்று வருஷம். ஊரார் துணி வெளுத்துப் பிழைத்தாள். கவுண்டர்க்காரன் காலில் விழுந்திருக்கிறாள், ஒரு தடவை அவன் கையைக் கடித்திருக்கிறாள். இதெல்லாம் ரெமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் சொன்னதில்லை.

அங்கே என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? கப்பல் வருவது குறைந்தது. அரிசி குறைந்தது, பால் பவுடர் நின்றது. நர்ஸ் ஒரு கப்பலில் போனாள், அவளுக்குப் பதில் யாரும் வரவில்லை. மருந்துக் கொட்டகையில் வெறும் கண்ணாடிப் புட்டிகள் இருந்தன. 1971-ல் மிமோஸுக்குக் காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தது. ஐந்து நாள் இளநீர் கொடுத்தேன், வேறு என்ன கொடுப்பேன்? ஆறாம் நாள் காலையில் என் மடியிலேயே போய்விட்டாள். ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்து முளைத்திருந்தது. கிழக்கு முனைக் கல்லறையில், மூன்றாவது வரிசையில், காயல் பக்கம் தலை வைத்துப் புதைத்தோம்.

இரண்டு மாதத்தில் ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். எங்கள் நாய்களைக் கொப்பரைச் சூளைக்குள் அடைத்து, புகை விட்டுக் கொன்றார்கள். ஊளைச் சத்தம் நின்றபோது எங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். குதிரைகளுக்கு மேல்தளம். எங்களுக்குக் கீழே, பறவை எரு மூட்டைகளின் மேல் இடம்.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் யூலாலி நின்றிருந்தாள். கையில் புது கவுன். ஏழு வயதுப் பெண்ணுக்கு என்ன அளவு இருக்கும் என்று யாரிடமோ கேட்டுத் தைத்திருக்கிறாள். இறங்குகிற ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கடைசியில் நான் வந்தேன், தனியாக.

நான் சொன்னேன். அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஓங்கி ஒரு அறை விட்டாள், காது கிண்ணென்றது. "உன்னை நம்பி விட்டேனேடி பாவி!"

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பன்னிரண்டு நாள் எரு மூட்டைமேல் படுத்து வந்தவள். அந்தப் பிள்ளையை என் கையால் புதைத்தவள். என் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன்.

"நானா பாவி? பெத்த பிள்ளையை விட்டுட்டு டவுனுக்கு ஓடி வந்தவ நீ! உன்னை யாராவது கழுத்தைப் பிடிச்சுத் தள்ளினாங்களா? தானா நடந்து போய் ஏறின!"

துறைமுகமே கேட்டது. அதற்கப்புறம் 'அண்ணி'யும் இல்லை, 'நீங்க'வும் இல்லை. அந்த ஒரு வாக்கியம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. குழாயடியில் வாளியை நகர்த்தினால் அதைச் சொல்வேன். அவள் கோழி என் வாசலுக்கு வந்தால் அதைச் சொல்வேன். கஸ்ஸிப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொண்டு அவள் முதுகுக்குப் பின்னால், "தானா நடந்து போய் ஏறினா" என்று ராகம் போட்டார்கள். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட, "விட்டுட்டுப் போகச் சொன்னது நீதானேடி" என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. அது தெரிந்துதான் கேட்கவில்லையோ என்னவோ. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் சனிக்கிழமை ஆனால் வருவாள். தேங்காய்ப்பால் விட்ட ஆக்டோபஸ் குழம்பு ஒரு கிண்ணம் கொண்டுவந்து ணங்கென்று வைப்பாள். முகத்தைத் தகரத் தடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்காருவாள்.

"சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? போன வாரந்தான் சொன்னேன்."

"போன வாரம் பல்லு விழுந்த வரைக்கும் சொன்ன. அப்புறம்?"

சொல்வேன். எனக்கும் வேறு யாரிடம் சொல்ல இருக்கிறது? முதல் பல் விழுந்தபோது மிமோஸ் அதை நண்டுப் பொந்தில் போட்டது, மழைக்குப் பயந்து என் பாவாடைக்குள் புகுந்தது, ஆறு நாள் காய்ச்சல், கடைசிக் காலை. அந்த மூன்று வருஷத்தையும் நாள் நாளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு எங்கள் ஊர்ப் பெண்கள் கூடுகிற இடத்தில் அதையே அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். "மழைன்னா என் பாவாடைக்குள்ள வந்து புகுந்துக்குவா." யாரும் திருத்தவில்லை. எங்கள் ஆட்கள் எதற்குத் திருத்துவார்கள்? நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் லண்டனில் கேஸ் வந்தது. எங்கள் பக்கத்து வக்கீலம்மா கஸ்ஸிக்கே வந்து, மாதா கோயில் கூடத்தில் எங்களை உட்கார வைத்து விளக்கினார்.

"அவங்க என்ன சொல்றாங்கன்னா, உங்களை யாரும் வெளியேத்தல, நீங்களா வந்துட்டீங்கன்னு. வெளியேத்தினாங்கன்னு யார் யார் வாக்குமூலத்தைக் கோர்ட் ஏத்துக்குதோ, அவங்களுக்குத் திரும்பிப் போற உரிமை கேக்கலாம். உங்க ஊருக்கு, உங்க கல்லறைக்கு."

யூலாலி பின்வரிசையிலிருந்து கேட்டாள். "தானா வந்தவங்களுக்கு?"

"அவங்க பாடு கஷ்டம்."

அவள் முகத்தை நான் பார்த்தேன். மறுநாள் முதல் ஆளாகப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன கொடுத்தாள் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் என்னுடையதைத் தனியாகக் கொடுத்தேன்.

சாட்சி விசாரணைக்குப் போர்ட் லூயிஸில் ஒரு பெரிய கூடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். நீதிபதி லண்டனிலிருந்து வந்திருந்தார். மொழிபெயர்க்க ஒரு ஆள். யூலாலி மாதா கோயிலுக்குப் போகும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பைபிளை முத்தமிட்டுச் சத்தியம் செய்தாள். அடுத்தது என் முறை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் சொன்னாள். நாய்கள் சூளைக்குள் ஊளையிட்டதைச் சொன்னாள். எரு மூட்டைகளைச் சொன்னாள். மிமோஸின் ஆறு நாளைச் சொன்னாள். பாட்டுப் பாடுகிற அந்தக் குரலில் அதைச் சொன்னபோது மொழிபெயர்க்கிற ஆளே நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "என் மடியிலதான் போச்சு. காலையில. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துட்டுத்தான் போச்சு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாட்டில் பாடு, பெண்களிடம் சொல்லு, ஒழிந்து போ. பைபிள் மேல் கை வைத்துக்கொண்டு என் மடியை எடுத்துக்கொள்வாளா? அது என்னைப் பார்த்த பார்வை!

எதிர்ப்பக்கத்து வக்கீல் எழுந்தார். ஒல்லியான மனுஷன், ரொம்ப மரியாதை. குரலை உயர்த்தவே இல்லை. ஒரு பழைய காகிதத்தை நீட்டினார். 1968 மார்ச் மாதம் போர்ட் லூயிஸில் இறங்கிய பயணிகளின் பட்டியல்.

"பதினோராவது பெயர் யாருடையது, மேடம்?"

யூலாலி காகிதத்தைப் பார்த்தாள். அவளுக்கும் படிக்க வராது.

"உங்கள் பெயர். உங்கள் மகன் பெயர். அதற்குப் பிறகு நீங்கள் தீவுக்குப் போனதாக ஒரு காகிதமும் இல்லை. அப்படியானால் 1971-ல் நாய்களை எப்படிப் பார்த்தீர்கள்?"

"பார்த்தேன்."

"குழந்தை உங்கள் மடியில் இறந்ததா?"

"என் பொண்ணுய்யா அது. வேற யார் மடியில சாகும்?"

எங்கள் வக்கீலம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். யூலாலியை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பைபிளை முத்தமிட்டேன். அந்த ஒல்லி மனுஷன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கடைசிக் கப்பலில் உங்களோடு யூலாலி செலெஸ்தேன் வந்தாரா?"

"இல்ல."

"குழந்தை யார் மடியில் இறந்தது?"

"என் மடியில." மார்பில் அடித்துக்கொண்டு சொன்னேன். "என் மடியில! இந்த ஜெர்மேன் மடியில!"

"குழந்தையின் தாய் அப்போது எங்கே?"

"இங்க. டவுன்ல. பிள்ளையை விட்டுட்டு வந்துட்டா."

"அவரை யாராவது கட்டாயப்படுத்திக் கப்பலில் ஏற்றினார்களா?"

வாய் பழகிப்போயிருந்தது. முப்பது வருஷப் பழக்கம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"யார் தள்ளினா? தானா நடந்து போய் ஏறினா."

"நன்றி, மேடம். வேறு கேள்வி இல்லை."

மொழிபெயர்க்கிற ஆள் அதைச் சொன்னதும் நீதிபதி குனிந்து எழுதினார். பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் நான் திரும்பி யூலாலியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நீலச் சட்டையின் பொத்தான்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீலம்மா அவளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க? உண்மையிலேயே என்னதான் நடந்தது?"

நான்தான் சொன்னேன். ரெமியின் கால், திரும்பும் சீட்டு, கவுண்டர்க்காரன், தீவை வித்தாச்சு, மூன்று வருஷம் ஒவ்வொரு கப்பலுக்கும் போய் நின்றது. சொல்லச் சொல்ல வக்கீலம்மாவின் முகம் மாறியது. அழப்போகிறாரா, அடிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை.

"அடக் கடவுளே! அதுதானேம்மா உங்க கேஸு! வீட்டை விட்டுத் தள்ளினா மட்டுந்தான் வெளியேத்தினதுன்னு இல்ல. வீட்டுக்குத் திரும்ப விடலேன்னாலும் அதுதான். குழந்தை அங்க, அம்மா இங்க, சீட்டு கையில. இதை வச்சு அவங்களை உலுக்கி எடுத்திருப்பேனே! ஏன் சொல்லல?"

"அதைச் சொன்னா நான் பிள்ளையை விட்டுட்டு வந்தவன்னு ஆயிடுமே" என்றாள் யூலாலி.

அவ்வளவுதான் சொன்னாள். எந்தப் பக்கமும் பார்க்காமல் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நான் வக்கீலம்மாவின் கையைப் பிடித்து, "என்னைத் திரும்பக் கூப்பிடுங்க, நான் சொல்றேன், விட்டுட்டுப் போகச் சொன்னதே நான்தான்" என்றேன். சாட்சியம் முடிந்துவிட்டதாம். இனிமேல் சொன்னால், எழுதிக் கொடுத்துச் சொல்ல வைத்தது என்பார்களாம். "உள்ளேயே ஏம்மா சொல்லல?" என்று என்னையும் கேட்டார். யாரும் கேட்கவில்லையே! தள்ளினார்களா என்றுதானே கேட்டார்கள்? திரும்ப விட்டார்களா என்று எவன் கேட்டான்?

தீர்ப்பு மறு வருஷம் வந்தது. கேஸ் மொத்தமும் தோற்றது. அதில் யூலாலிக்கென்று தனியாக ஒரு பத்தி. சாட்சி தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சத்தியம் செய்திருக்கிறார், அவர் தானாகவே கப்பலேறினார் என்பதை அவருடைய உறவினர் ஜெர்மேனே ஒப்புக்கொள்கிறார். ரெமி படித்துக் காட்டினான். படித்து முடித்து, காகிதத்தை என் மடியில் போட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசியதில்லை. சனிக்கிழமைக் கிண்ணமும் நின்றது.

மூன்று வருஷம் கழித்து, கேஸ் போட்டவர்களின் வாயை அடைக்கவோ என்னவோ, கல்லறைகளைப் பார்க்க ஒரே ஒரு கப்பல் விடுவதாகச் சொன்னார்கள். நூறு பேருக்கு இடம். பட்டியலில் என் பெயர் இருந்தது. யூலாலி பெயருக்கு எதிரே 'விவரம் சர்ச்சைக்குரியது' என்று எழுதி, பெயரை அடித்திருந்தார்கள். நான் அந்த அலுவலகத்துக்குப் போய், என் இடத்தை அவளுக்குக் கொடுங்கள் என்று மேஜையைத் தட்டினேன். மாற்றிக் கொடுக்க இது பஸ் சீட்டு இல்லை என்றான் அங்கே இருந்தவன். அவனுக்கு என் பிள்ளை வயசு இருக்கும். வந்த வார்த்தைகளையெல்லாம் அவன் தலையில் கொட்டிவிட்டு வந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

புறப்படுவதற்கு முந்தின நாள் யூலாலி என் வாசலில் வந்து நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அங்க போய் சொல்லு. நான் வந்திருக்கேன்னு சொல்லு. உங்கம்மா வந்திருக்கேன்னு."

"நீ வரலையே. நான் எப்படி அப்படிச் சொல்வேன்?"

"நீ பாடினதில்லையா? காஸ்தோனுக்கு?"

"அது பாட்டு. பொய் சொன்னதுக்கு ஒரு தடவை பட்டது போதாதா உனக்கு? என்னால முடியாது."

"அந்த உண்மையையும் நீயே வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனேன். தீவில் இறங்கியதும் பஸ்ஸில் ஏற்றிக் கிழக்கு முனைக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்கள். கல்லறையில் கொடி மண்டிக் கிடந்தது. மூன்றாவது வரிசையைத் தேடிப் பிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பவளக் கல் குவியல் மண்ணில் அமுங்கிப்போய், கையளவு மட்டும் வெளியே தெரிந்தது. வெறும் கையால் களையைப் பிடுங்கினேன். "மிமோஸ், அத்தை வந்திருக்கேன்" என்றேன். மற்றதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். வரவில்லை. என் மடியில் போன பிள்ளை, அதற்கு என் குரல் தெரியும். அதனிடம் போய் நான் உன் அம்மா என்று எப்படிச் சொல்வது? அழுதேன். சிப்பாய் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு அவளைத்தான் திட்டினேன். இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டினாளே என்று. போர்ட் லூயிஸில் கப்பல் கட்டியபோது அவள் நின்றிருந்தாள். எழுபது வயசுக் கிழவி, வெயிலில், குடைகூட இல்லாமல். இறங்கி வருகிற எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கிட்டே வந்தாள்.

"சொன்னியா?"

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது? இல்லை என்பதா? எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல், அந்த ஒல்லி வக்கீல்மேல், கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன்மேல், என்மேல். கத்திவிட்டேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்? நீதான் வந்து சொன்னியே!"

சுற்றி இருந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். ஒருவர்கூட எங்களை விசித்திரமாகப் பார்க்கவில்லை. அவள் மெதுவாக என் கையைப் பிடித்தாள். பிடித்தால் விடுகிற கையா அது!

"நான் எங்க உக்காந்தேன்?"

"தலைமாட்டுல. என்னை எங்க உக்காரவிட்ட? போடி அந்தப் பக்கம்னு தள்ளிவிட்டுட்டு நீ உக்காந்துக்கிட்ட."

"கொடி மண்டிக் கிடந்திருக்குமே."

"கிடந்துச்சு. நான் பிடுங்கினது சரியில்லன்னு எல்லாத்தையும் நீ ஒரு தடவை பிடுங்கின. மதியத்துக்குள்ள முடிச்சிட்ட. கையெல்லாம் ரத்தம் உனக்கு."

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"சிப்பாய்ங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்க. ஒருத்தன் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டி, நேரமாச்சு, ஏறுங்கன்னு விரட்டினான்."

"விரட்டினானா? நான் என்ன பண்ணேன்?"

"நீ போகல" என்றேன்.